பாலாற்றங்கரையில் டில்லர் பட்டறைகள்

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி வரிசையாக அமைந்த ஊர்களை வெளியில் இருப்பவர்கள் தோலை வைத்தே அறிந்திருக்கிறார்கள். டேனரி, ஷூ கம்பெனி, ஏற்றுமதி, ஆற்று மாசு பற்றியெல்லாம் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அதே ஊர்களின் ஓரங்களில், லேத் பட்டறைக்கும் டயர் கடைக்கும் நடுவே, பழைய பவர் டில்லர்களைப் பிரித்துச் சீர்செய்து மறுபடி கழனியில் இறக்கும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். இவர்களுடைய வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றுதான் ஆம்பூர்ப் பக்கம் போனேன்.

இங்கே டில்லருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது கழனியைப் பார்த்தாலே புரியும். வட ஆற்காட்டு நிலம் பெரும்பாலும் ஏரியையும் கிணற்றையும் நம்பியது. அண்ணன் தம்பி பாகம் பிரித்துப் பிரித்துக் கழனிகள் சிறுத்துவிட்டன. பெரிய டிராக்டர் உள்ளே இறங்கித் திரும்புவதற்குள் வரப்பு சிதைந்துபோகும். சேற்றில் அதன் எடையே அதற்குப் பகை. 12, 13 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின், இரண்டு சக்கரம், பின்னால் சுழலும் கத்திகள், பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு கைப்பிடிகள். இவ்வளவுதான் டில்லர். சேடை ஓட்ட, தென்னந்தோப்பில் வரிசைக்கு நடுவே களை அழிக்க, டிரெய்லர் மாட்டி எரு ஏற்ற என்று எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும்.

சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறும் யோசனைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. ஆஸ்திரேலியாவின் கில்காண்ட்ரா என்ற ஊரில் கிளிஃப் ஹோவர்ட் என்ற இளைஞர் 1912இல் தன் தந்தையின் பண்ணையில் இதைச் சோதித்தார். கத்தியை எல் வடிவத்தில் வளைத்த பிறகுதான் மண் பக்கவாட்டில் சிதறுவது நின்றது. ஜப்பானியர்கள் இதை நெல் கழனிக்கு ஏற்றபடி நடந்து ஓட்டும் வண்டியாக வளர்த்தார்கள். பெங்களூரில் 1967இல் தொடங்கிய வி.எஸ்.டி. நிறுவனம் மிட்சுபிஷியின் கூட்டுறவோடும், கேரளத்தில் 1973இல் தொடங்கிய கேரள அரசின் காம்கோ நிறுவனம் குபோட்டாவின் தொழில்நுட்பத்தோடும் இங்கே டில்லர் செய்தன. கடலுக்கு அப்பால், இலங்கை விவசாயிகள் இரண்டு சக்கர உழவு இயந்திரத்தை லேண்ட் மாஸ்டர் என்று பழைய பிரிட்டிஷ் வண்டியின் பெயரால் இன்றும் அழைக்கிறார்கள்.  நம் பக்கத்தில் முதலில் கிணற்றுக்கு பம்புசெட் வந்தது, ஏர்மாடு வெகுநாள் நீடித்தது. மாடு குறைந்தபோது அந்த இடத்தை நிரப்பியது டில்லர்.

நான் உட்கார்ந்திருந்த பட்டறை, நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் ஒரு சின்னச் சாலையில், தகரக் கொட்டகைக்குள் இருக்கிறது. அதை நடத்தும் பெரியவரை எல்லாரும் பாய் என்றே கூப்பிடுகிறார்கள். மாதனூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் குட்டி யானை வண்டியில் ஒரு டில்லரை ஏற்றிக்கொண்டு வந்தார். பெயின்ட் உதிர்ந்து, டேங்கில் துரு ஏறி, ஒரு சக்கரத்தில் காற்று இறங்கிக் கிடந்தது.

"எத்தினி வருஷமா நிக்குது?" என்றார் பாய்.

"நைனா போனதுல இருந்து கொட்டாயிலதான் நிக்குது பாய். ஓடுமா?"

"மொதல்ல கையால சுத்தட்டும். அப்புறம் சொல்றேன்."

ஓடாமல் கிடந்த எஞ்சினை வந்தவுடன் ஸ்டார்ட் செய்து பார்க்க இந்தப் பட்டறையில் யாருக்கும் அனுமதி கிடையாது. பிஸ்டன் ரிங் லைனரோடு துருப்பிடித்து ஒட்டியிருந்தால், பலவந்தமாகச் சுற்றும்போது லைனரில் கோடு விழும், ரிங் உடையும். பாய் நாசிலைக் கழற்றினார். அந்த ஓட்டை வழியாக டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி ஊற விட்டார். பிறகு ஃப்ளைவீலைக் கையால் முன்னும் பின்னுமாக ஒரு விரற்கடை அசைத்தார். அசைந்ததும் நிறுத்திவிட்டு மறுபடி எண்ணெய் விட்டார். இந்தப் பொறுமை இந்தத் தொழிலின் முதல் பாடம். எஞ்சின் இளகிச் சுற்றத் தொடங்கிய பிறகே அதைப் பிரிக்கிறார்கள்.

பிரித்ததும் ஒவ்வொன்றாகப் பரிசோதனை. ரிங்கைத் தனியாக லைனருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் மெல்லத் தள்ளி நேராக்கி, அதன் இரண்டு முனைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஃபீலர் கேஜை விட்டுப் பார்க்கிறார்கள். இடைவெளி அதிகம் என்றால் கம்ப்ரஷன் கசியும். குறைவு என்றால் சூட்டில் ரிங் விரிந்து முனைகள் முட்டிக்கொள்ளும். வால்வுக்குப் பேஸ்ட் தடவி அதன் இருக்கையில் வைத்துத் தேய்க்கிறார்கள். சுற்றிலும் ஒரே அளவில் சாம்பல் வளையம் தெரியும் வரை தேய்ப்பு நிற்பதில்லை. லைனரைச் சுற்றி நீர் நிற்கும் எஞ்சின் இது. அடியில் உள்ள ரப்பர் வளையம் இற்றுப்போனால் தண்ணீர் எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். அதனால் பழைய வளையம் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் பாய் அதைத் திரும்பப் போடுவதில்லை.

கியர் பாக்ஸின் அடி நட்டைத் திறந்தபோது வெளுத்த ஆயில் ஒழுகியது. பாய் உதவியாளரைக் கூப்பிட்டுக் காட்டினார். "மோர் மாதிரி வருது பாரு. சேத்துல ஓட்டி ஓட்டி ஆயில் சீல் போயிருக்குது. தண்ணி உள்ள பூந்துடுச்சி. இத வுட்டுட்டு எஞ்சின மட்டும் செஞ்சா இன்னா பிரயோஜனம்?" சீலை மட்டும் மாற்றினால் போதாது. சீல் உரசும் இடத்தில் அச்சு தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் சீக்கிரமே கசியும். அந்த அச்சை லேத்துக்கு அனுப்பினார்கள்.

இந்த இடத்தில்தான் தோல் தொழிலும் டில்லரும் கைகோக்கின்றன. டேனரியில் தோலைப் போட்டு உருட்டும் பெரிய மர டிரம்முக்கு அச்சும் பல்சக்கரமும் வேண்டும். தோலில் ஒட்டிய சதையை வழிக்கும் இயந்திரம், தோலை ஏடாகப் பிளக்கும் இயந்திரம், சீவும் இயந்திரம் எல்லாவற்றிலும் உருளையும் பேரிங்கும் ஓயாமல் தேய்கின்றன. அவற்றைச் சரிசெய்யவே இந்த ஊர்களில் லேத் பட்டறைகள் பெருகின. தேய்ந்த அச்சுக்கு வெல்டிங் வைத்து, மீண்டும் கடைந்து அளவுக்குக் கொண்டுவரத் தெரிந்த கைகள் இங்கே உண்டு. கடையில் கிடைக்காத ஒரு புஷ்ஷைக் கடைந்து வாங்க விவசாயி வெளியூர் போக வேண்டியதில்லை. பாயின் பட்டறையில் கேஸ்கெட் ஷீட்டில் ஓட்டை போடும் பஞ்ச், ஷூ கம்பெனியில் கழித்துக் கட்டியது. டிரெய்லரில் ஓட்டுநர் உட்காரும் பலகைக்கு உறை தைத்திருந்தது வெட்டில் மிஞ்சிய தோலில்.

எஞ்சினிலிருந்து கியர் பாக்ஸுக்கு விசையைக் கொண்டுபோவது வி-பெல்ட்கள். அவற்றில் ஒன்று மட்டும் கிழிந்திருந்தது. அதை மட்டும் மாற்றினால் செலவு குறையுமே என்று விவசாயி கேட்டார். பாய் தலையசைத்து மறுத்தார். "ஒண்ணு புதுசு, மத்தது பழசுன்னா, புதுசு ஒண்ணே மொத்த பாரத்தையும் இழுத்துச் செத்துப்பூடும். மாத்துனா செட்டா மாத்தணும்." கத்திகளிலும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. இடப்பக்கம் வளைந்தது, வலப்பக்கம் வளைந்தது என்று இரண்டு வகை. வரிசை மாறி மாட்டினால் ஓர் இடத்தில் மண் குவியும், இன்னோர் இடம் உழாமல் நிற்கும், கைப்பிடி அதிர்ந்து ஓட்டுபவரின் தோள் கழன்றுபோகும். உதவியாளர் ஒவ்வொரு கத்தியையும் கையில் எடுத்து, வளைவைத் தடவிப் பார்த்து, தரையில் வரிசையாக வைத்த பிறகே மாட்டினார்.

எல்லாம் பூட்டி முடிந்ததும் டீசல் பாதையில் நின்ற காற்றை வெளியேற்றினார்கள். பம்பின் நட்டைத் தளர்த்தி, குமிழி நின்று சுத்தமான டீசல் வரும்வரை காத்திருந்து இறுக்கினார்கள். பிறகு கைப்பிடி போட்டுச் சுற்றுவது. பட்டறைப் பையன் ஒருவனுக்கு பாய் அன்று சொல்லிக்கொடுத்ததை டில்லர் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டும். கட்டைவிரலைக் கைப்பிடிக்கு மறுபக்கம் சுற்றிப் பிடிக்கக் கூடாது, மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் கைப்பிடி விரலை விட்டு நழுவிப் போகட்டும். மாற்றிப் பிடித்தவர்களுக்குக் கட்டைவிரலோ மணிக்கட்டோ முறியும். டிகம்ப்ரஷன் நெம்பை ஒரு கையால் பிடித்தபடி பையன் வேகமாகச் சுற்றினான். வேகம் ஏறியதும் நெம்பை விட்டான். கரும்புகை கக்கி எஞ்சின் பிடித்துக்கொண்டது. விவசாயி இரண்டு கைகளையும் கூப்பினார். பாய் புகையின் நிறம் தெளியும்வரை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதன் பிறகுதான் டீ சொல்லி அனுப்பினார்.

பட்டறையோடு வேலை முடிவதில்லை. கழனியில் ஓட்டிக் காட்டி ஒப்படைக்க வேண்டும். கரையிலிருந்து கழனிக்குள் சரிவில் இறங்கும்போது உதவியாளர் ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். சமதரையில் இடப்பக்க நெம்பை அழுத்தினால் இடச்சக்கரத்துக்கு விசை அறுந்து வண்டி இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் அதையே அழுத்தினால் விசை அறுந்த சக்கரம் தடையில்லாமல் உருண்டு முந்திக்கொள்ள, வண்டி வலப்பக்கம் திரும்பிவிடும். இது தெரியாமல் கிணற்றோரம் திருப்பியவர்கள் உண்டு. புத்தகத்தில் இந்த எச்சரிக்கை இருக்கலாம். ஆனால் இந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு அது மெக்கானிக்கின் வாய்வழியாகத்தான் வந்து சேர்கிறது.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பழைய தோட்ட டிராக்டர்களைச் சீர்செய்வது பெரிய பொழுதுபோக்கு. 1946இல் தொடங்கிய வீல் ஹார்ஸ், நூறாண்டு மரபுள்ள கிரேவ்லி, 1963இல் வந்த ஜான் டீர் 110 போன்ற வண்டிகளைத் தேடிப் பிடித்து, அசல் நிறம் பூசி, கண்காட்சிக்குக் கொண்டுபோகிறார்கள். ஒருவருக்கொருவர் உதிரி பாகம் கொடுத்து உதவிக்கொள்கிறார்கள். அந்த அன்பை நான் மதிக்கிறேன். அதே அன்பை ஆம்பூர்ப் பட்டறையிலும் பார்த்தேன். தந்தை வாங்கிய டில்லரை எடைக்குப் போட மனம் வராத மகன்கள் இங்கே நிறைய. ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாட்டுப் பொங்கலுக்கு மாலை போடுகிறார்கள். அடுத்த நாளே அது சேற்றில் இறங்க வேண்டும். ஓடாத டில்லருக்கு இங்கே இடமில்லை. பருவத்தில் அது நின்றுபோனால் நாற்று முற்றிப்போகும். அந்தக் கெடுவுக்குள் வேலையை முடித்துக் கொடுப்பதால்தான் இந்த மெக்கானிக்குகளின் திறமைக்கு நான் ஒரு படி மேலே இடம் கொடுக்கிறேன்.

இவர்கள் வேலை பார்க்கும் நிலமும் காயம்பட்ட நிலம். டேனரிக் கழிவு கிணற்று நீரையும் மண்ணையும் கெடுத்ததை எதிர்த்து வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டிய தீர்ப்பு அது. 2025 ஜனவரியிலும் இதே பாலாற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. நீர் கெட்ட இடங்களில் நெல் போய்த் தென்னை வந்தது, சில இடங்களில் விவசாயமே போனது. மிச்சமிருக்கும் சிறு விவசாயிக்குப் புது வண்டி வாங்க வசதியில்லை. பழையதை ஓட வைப்பவரே அவருக்குத் துணை.

அந்தத் துணைதான் இப்போது மெலிந்துகொண்டு வருகிறது. "ஷூ கம்பெனிக்குப் போனா மாசம் பொறந்தா சம்பளம், பி.எஃப். இருக்குது. இங்க வர்ற பசங்க நிக்கறதில்ல சார்" என்றார் பாய். அவருடைய மகனே ஒரு ஷூ கம்பெனியில்தான் இருக்கிறார். பையன்கள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நிரந்தரச் சம்பளமும் மரியாதையும் எங்கே இருக்கிறதோ அங்கே போகிறார்கள். உதிரி பாகம் இன்னொரு தொல்லை. சீன டில்லர்கள் குறைந்த விலைக்கு வந்து பரவின. 2020 ஜூலையில் மத்திய அரசு டில்லர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. உள்நாட்டுத் தொழிலுக்கு அது நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே வாங்கியவர்களின் வண்டிகளுக்குப் பாகம் தேடும் பொறுப்பு இந்தப் பட்டறைகளின் தலையில் வந்து விழுந்தது.

செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. புது டில்லர் வாங்க அரசு மானியம் தருகிறது. பழைய டில்லரை முழுமையாகச் சீர்செய்யவும் அதில் ஒரு பங்கு கிடைக்க வேண்டும். ஐ.டி.ஐ.களில் டிராக்டர் மெக்கானிக் படிப்பு இருக்கிறது. அதைப் படிப்பவர்கள் பாயைப் போன்றவர்களின் பட்டறையில் பயிற்சி பெற வேண்டும், சொல்லிக்கொடுப்பவருக்கு ஊதியம் தர வேண்டும். அனுபவத்தால் தேர்ந்த தொழிலாளிக்கு முன்கற்றலை அங்கீகரித்துச் சான்றிதழ் தரும் திட்டம் நாட்டில் உண்டு. வேளாண்மைப் பொறியியல் துறை இவர்களைத் தேடிப் போய் அந்தச் சான்றிதழைக் கையில் கொடுக்க வேண்டும். கம்பெனிகள் பழைய மாடல்களின் பாகங்களையும், தமிழில் எழுதிய கையேட்டையும் விற்பனையில் வைத்திருக்க வேண்டும்.

வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் ஊர்க் கொட்டகையில் டில்லர் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தால், காயலான் கடைக்கு எடைக்குப் போடும் முன் பக்கத்துப் பட்டறை மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.