கொசுறு

நாளிதழைக் கையிலெடுத்தால் நம்மில் பெரும்பாலோர் முதலில் காண்பது தலைப்புச் செய்தி, அடுத்து விளையாட்டு, அதன்பின் இரங்கல் விளம்பரம். உள்பக்கத்து ஓரத்தில் கட்டம் கட்டிப் பொடி எழுத்தில் அச்சாகும் காய்கறி விலைப்பட்டியலை நின்று படிப்பவர் மிகச் சிலரே. நமக்கோ ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தச் சிறு கட்டத்தின் மீதே நாட்டம் மிகுகிறது. மேடை முழக்கங்களில் அகப்படாத நாட்டு நடப்பு கத்தரி, வெண்டை, தக்காளி, சின்ன வெங்காயம் என்னும் அந்த வரிசையில் ஒளிவுமறைவின்றிக் கிடக்கிறது. விலை ஏறினால் எங்கோ மழை பொய்த்திருக்கிறது, அல்லது அளவுக்கு மீறிப் பெய்திருக்கிறது. விலை சரிந்தால் எங்கோ ஓர் உழவர், பறிகூலிக்கும் கட்டாது என்று காயைச் செடியிலேயே விட்டுவிட்டார்.

ஆட்சியாளர்களும் இப்பட்டியலுக்கு அஞ்சுவர். 1980-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் வெங்காய விலையைப் பரப்புரைப் பொருளாக்கிய இந்திரா காந்தி மீண்டும் அரியணை ஏறினார். 1998 நவம்பரில் தில்லியிலும் இராஜஸ்தானிலும் ஆட்சி மாறியதற்கு வெங்காயமும் ஒரு காரணம் என்று பேசாதவர் அன்று இல்லை. 2019-ஆம் ஆண்டின் இறுதியில் வெங்காயம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, எகிப்து நாட்டிலிருந்து கப்பலேறி வந்த வெங்காயம் நம் திருச்சிச் சந்தையிலும் வந்து இறங்கிற்று. பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்கள் எகிப்தின் வெள்ளரியையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுததை எண்ணிக்கை நூல் கூறுகிறது. மோசே காலத்து மக்கள் எகிப்து வெங்காயத்தைத் தேடி அழுதார்கள். நம் காலத்தில் எகிப்து வெங்காயமே மக்களைத் தேடி வந்தது. வந்தும் என்ன பயன்? உருவத்தில் பெரியது, காரத்தில் சிறியது, சாம்பாருக்கு ஆகாது என்று நம் தாய்மார்கள் அதை ஒதுக்கிவிட்டார்கள்! 2023 ஜூலையில் தக்காளிக்கும் அப்படியொரு காலம் வந்தது. நியாயவிலைக் கடைகளில் கிலோ அறுபது ரூபாய்க்கு அரசே தக்காளி விற்க நேர்ந்தது.

விலையைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், அந்த விலையைத் தலையிலும் தோளிலும் சுமந்து வருகிறவர்களைப் பற்றிப் பேசுவது அரிது. அவர்களைக் காண விரும்புவோர் நள்ளிரவுக்குப் பின் காந்தி மார்க்கெட்டுக்குச் செல்லவேண்டும். நோயில்பூசுதலுக்கென்று இரவில் அழைக்கப்பட்டுத் திரும்பும் வேளைகளில் பாலக்கரை வழியே வரும்போது நாம் பன்முறை அங்கு நின்று பார்த்ததுண்டு. ஊர் உறங்கும் அந்நேரம் அங்கே நண்பகல். ஒட்டன்சத்திரத்திலிருந்தும் மணப்பாறையிலிருந்தும் காய்கறி, கர்நாடகத்திலிருந்து தக்காளி, உதகை மலையிலிருந்து உருளையும் காரட்டும் என்று லாரிகள் வந்தவண்ணம் இருக்கும். 1868-இல் அமைக்கப்பட்டு, 1927-இல் விரிவாக்கப்பட்டு, காந்தியடிகளின் பெயரைத் தாங்கி நிற்கும் சந்தை அது. முகப்பருகே முதல் உலகப்போர் நினைவுச் சின்னம் ஒன்று நிற்கிறது. போருக்குச் சென்றவர்களுக்காகக் கல் நட்டிருக்கிறார்கள், நல்லதே. அந்தக் கல்லைக் கடந்து நாள்தோறும் மூட்டை சுமந்து செல்கிறவர்களைப் பற்றி எந்தக் கல்லும் பேசுவதில்லை.

சுமைப்பணித் தொழிலாளரின் கழுத்தை உற்றுப் பார்த்தால் அவர்தம் வாழ்க்கை வரலாறு தெரியும். ஐம்பது வயதில் எழுபதுபோல் தளர்ந்திருப்பார். அவருக்கு அடுத்து, விடியலுக்குச் சற்று முன், தரைக்கடைக்காரர்கள் வருவார்கள். மண்டியில் ஒரு மூட்டை, அரை மூட்டை எடுத்து, சாலையோரத்தில் சாக்கை விரித்துக் கூறு கட்டி வைப்பார்கள். இவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். அவர்களிலும் கணவரை இழந்தோர் பலர்.

அவர்களுள் ஓர் அம்மையாரை நாம் நெடுநாளாக அறிவோம். பங்கு இல்லத்துக்குக் காய் வாங்கச் சென்ற பழக்கம். யாருக்கு எவ்வளவு நிறுத்தாலும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் நான்கு தண்டு கொத்தமல்லியும் மேலே வைத்துத்தான் பையை நீட்டுவார். கறிவேப்பிலையும் விலையேறியிருந்த ஒரு நாளில், "ஏனம்மா, நீங்கள் காசு கொடுத்து வாங்கியதைச் சும்மா கொடுத்தால் எப்படிக் கட்டும்?" என்று கேட்டோம்.

"கணக்குப் பாத்தா கட்டாது சாமி. கணக்குப் பாக்காமத்தான் முப்பது வருசமாக் கட்டிக்கிட்டிருக்கு" என்றார் அவர்.

குருமடத்தில் இறையருளைப் பற்றிய பாடத்தைத் தடித்த நூல்களைக் கொண்டு பயின்றோம். அருள் என்பது உழைத்துப் பெறும் கூலி அன்று. தகுதி பாராமல் வழங்கப்படும் கொடை என்று பேராசிரியர்கள் விளக்கினார்கள். தமிழில் அதற்கு நிகரான சொல் நம் சந்தையிலேயே இருப்பதை அந்த அம்மையாரிடமே கண்டோம். கொசுறு! எடைக்கு மேலே, விலைக்கு வெளியே, கேட்காமலே கிடைப்பது. கணினி அச்சிட்ட சீட்டில் கறிவேப்பிலைக்கும் ஒரு வரி ஒதுக்கிவிடும் பெருங்கடைகளில் இச்சொல்லுக்கு இடமில்லை.

ஆனால் கொசுறு கொடுப்பவர்க்கு உலகம் கொசுறு கொடுப்பதில்லை. 2020 மார்ச் இறுதியில் கொரோனாத் தொற்றின் காரணமாகக் காந்தி மார்க்கெட் மூடப்பட்டது. மொத்த வணிகம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்குச் சென்றது. சென்னைக் கோயம்பேட்டில் தொற்று பரவி, அந்த ஆண்டு மே மாதத்தில் அச்சந்தையும் மூடப்பட்டதைக் கண்ட எவரும் அந்த முடிவைக் குறை கூற முடியாது. ஆயினும் நவம்பர் இறுதியில் மீண்டும் சந்தை திறக்கும்வரை சென்ற அந்த எட்டு மாதங்கள் எல்லாருக்கும் ஒரே அளவில் கழியவில்லை. மண்டி வைத்திருந்தவருக்கு மைதானத்தில் இடம் அளந்து கொடுத்தார்கள். சாக்கு விரித்திருந்தவருக்கு அளந்து கொடுக்க என்ன இருந்தது? நாம் குறிப்பிட்ட அம்மையார் தம் தெருமுனையில் சிறிது கீரையை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். "வாடிக்கை எல்லாம் எங்கிட்டோ சிதறிப் போச்சு சாமி" என்றாரேயன்றி, எவரையும் நொந்துகொள்ளவில்லை.

இப்பொழுது மீண்டும் சந்தையை இடம் மாற்றும் பேச்சு வலுத்திருக்கிறது. அது புதிய பேச்சன்று. மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடியில் ஏறத்தாழ 77 கோடி ரூபாயில் மத்திய வணிக வளாகம் கட்டி 2017-இல் திறந்தார்கள். கடைகள் சிறியவை, தொலைவு மிகுதி என்று வணிகர்கள் குடியேற மறுத்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை சென்றது. கட்டடங்கள் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடந்தன. பின்னர்ப் பஞ்சப்பூரில் பெரிய பேருந்து முனையம் எழுந்து 2025 மே மாதத்தில் திறக்கப்பட்டது. அதனருகே புதிய காய்கனிச் சந்தைக்கும் அவ்வாண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது.

இடம் மாற்றவே கூடாது என்று நாம் வாதிட வரவில்லை. நெரிசலில் சிக்கி நிற்கும் அவசர ஊர்தியின் ஓலத்தைக் கேட்ட எவரும் அப்படி வாதிட மாட்டார். மழை நாளில் அழுகிய தழைகளுக்கிடையே வழுக்கி நடக்கும் சுமைதூக்குவோருக்கும் நல்ல தரை வேண்டும், ஓய்வறை வேண்டும், பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும். சென்னையில் கொத்தவால்சாவடி 1996-இல் கோயம்பேட்டுக்கு இடம்பெயர்ந்தது. அதனால் மாநகரம் பட்டினி கிடக்கவில்லை. மாற்றம் தேவையா என்பதைவிட, மாற்றத்தின் சுமை யார் தலையில் ஏற்றப்படுகிறது என்பதே நம் கேள்வி.

எளிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். இன்று தரைக்கடை அம்மையார் மண்டியிலிருந்து தம் சாக்குக்கு நூறு அடி நடக்கிறார். மொத்த விற்பனை ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள பஞ்சப்பூருக்குச் சென்றுவிட்டால், விடியுமுன் அங்குச் சென்று சரக்கெடுத்துத் திரும்ப அவருக்கு வாடகை வண்டி வேண்டும். அரை மூட்டைக்கு வண்டி வைத்தால் கட்டாது. எனவே இரண்டு மூட்டை எடுக்கவேண்டும். அதற்கு முதல் வேண்டும். இன்று முகம் பார்த்துக் காலையில் சரக்குக் கொடுத்து மாலையில் பணம் வாங்கிக்கொள்ளும் மண்டிக்காரர், நாளை புதிய இடத்தில் அதே நம்பிக்கையோடு கொடுப்பாரா? கொடுக்காவிட்டால் மிஞ்சுவது தண்டல்காரரே. கந்துவட்டியைத் தடுக்க நம் மாநிலம் 2003-இலேயே சட்டம் இயற்றியிருக்கிறது. ஆனால் விடியற்காலை நான்கு மணிக்குச் சட்டம் விழித்திருப்பதில்லை, தண்டல்காரர் விழித்திருக்கிறார்.

தெருவோர வியாபாரிகளுக்கென்று நாடாளுமன்றம் 2014-இல் ஒரு சட்டம் இயற்றியது. கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும்வரை எந்த வியாபாரியையும் அப்புறப்படுத்தலாகாது என்கிறது அது. இடம் மாற்றுவதாயின் முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத இடம் வியாபாரிகளின் பிரதிநிதிகளுக்கு. அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. நல்ல சட்டம். ஆனால் சாக்கில் அமர்ந்திருப்பவருக்கு அது எட்டவேண்டுமே! 2020-இல் நடுவண் அரசு தொடங்கிய பத்தாயிரம் ரூபாய்க் கடன் திட்டத்தின் கதையும் அதுவே. கடன் பெறச் சான்று வேண்டும். சான்று பெறப் பட்டியலில் பெயர் வேண்டும். பெயர் சேர்க்க ஒரு நாள் வியாபாரத்தை விட்டு அலுவலக வாசலில் நிற்கவேண்டும்.

மத்தேயு நற்செய்தியில் சந்தைவெளியில் நிற்கும் தொழிலாளர்களைப் பற்றி ஓர் உவமை உண்டு. மாலை ஐந்து மணி வரை ஒருவரும் கூப்பிடாமல் நின்றவர்களை நிலக்கிழார் அழைத்து, ஒரு நாள் கூலியை முழுமையாகக் கொடுக்கிறார். அவரது தாராள உள்ளத்தைப் பற்றி நாம் பலமுறை மறையுரை கேட்டிருக்கிறோம். ஆனால் அவ்வுவமையில் நாம் விரைந்து கடந்துவிடும் ஒரு சிறு கட்டளை இருக்கிறது. கடைசியில் வந்தவர் தொடங்கி முதலில் வந்தவர் வரை கூலி கொடு என்று அவர் கண்காணிப்பாளருக்குச் சொல்கிறார். கொடுப்பதில் மட்டுமல்ல, கொடுக்கும் வரிசையிலும் நீதி இருக்கிறது. நம் திட்டங்கள் எல்லாம் மேலிருந்து எண்ணத் தொடங்குகின்றன. முதலில் ஏக்கர், பிறகு கோடி, பிறகு கடைகளின் எண்ணிக்கை, பிறகு வண்டி நிறுத்துமிடம். கடைசி ஆளிடம் வருவதற்குள் தாள் தீர்ந்துவிடுகிறது.

இதைப் படிக்கும் உங்களுள் வணிகர்கள் உண்டு. அரசு அலுவலர்கள் உண்டு. மாமன்றத்தில் குரல் கொடுக்கக் கூடியவர்களை அறிந்தவர்களும் உண்டு. எழுதத் தெரிந்த இளைஞர்கள் ஒவ்வொரு பங்கிலும் இருக்கிறார்கள். ஒரு ஞாயிறு பிற்பகலை ஒதுக்கினால் எத்தனை விண்ணப்பங்களை எழுதிக் கொடுக்கலாம்! அது தருமமன்று, நெடுநாளாக நாம் விலையின்றிப் பெற்றுவந்த கறிவேப்பிலைக்குச் செலுத்தும் சிறு கடன்.

பஞ்சப்பூரில் கட்டடம் எழட்டும். அங்கே யாருக்கு எந்த இடம் என்று பட்டியல் எழுத ஒருவர் பேனாவைத் திறப்பார் அல்லவா? அவர் முதல் வரியில் எழுதவேண்டிய பெயர், மண்டியின் முகப்பில் பலகை மாட்டியிருப்பவருடையதன்று. சாக்கை உதறி மடித்து, மிஞ்சிய கொத்தமல்லியைப் பக்கத்துக் கடைக்காரிக்குக் கொடுத்துவிட்டுக் கடைசியாக வீடு திரும்பும் அந்த அம்மையாருடையது.