எடை பார்க்கும் கைகள்

வேட்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். நான் மொன்டானாவுக்குப் போனது கயிறு கட்டுகிறவர்களைப் பார்க்க.

அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில், அந்த மாநிலத்தின் வடமேற்கில் இருக்கிறது பாப் மார்ஷல் வனம். ஏறத்தாழப் பத்து லட்சம் ஏக்கர். உள்ளே சாலை கிடையாது. 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே மோட்டாருக்கு அனுமதி இல்லை, சைக்கிளுக்கும் இல்லை. சுட்ட மானை வைத்து இழுத்துவரும் இருசக்கரக் கைவண்டியைக்கூட உள்ளே கொண்டுபோக முடியாது. பாதையில் விழுந்த மரத்தை இரண்டு பேர் பிடித்திழுக்கும் ரம்பத்தால்தான் அறுக்கிறார்கள். ஆகவே கூடாரம், அடுப்பு, மாவு, தீவனம் எல்லாம் ஏதாவது ஒரு முதுகில்தான் ஏற வேண்டும். அது பெரும்பாலும் கோவேறு கழுதையின் முதுகு. அதில் பாரம் ஏற்றுகிறவர்களை அங்கே பேக்கர் என்கிறார்கள்.

ஹாலந்து ஏரிக்கரையில் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிட்டது. மூத்த பேக்கருக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். உதவிக்கு ஓர் இளைஞரும், முகாமில் சமைக்கப்போகிற ஒரு பெண்மணியும். ஏழடிக்கு எட்டடி கித்தான் விரிப்பைத் தரையில் போட்டு, நடுவில் சாமான்களை அடுக்கி, நான்கு புறமும் மடித்து, ஒரே கயிற்றால் சுருக்குமேல் சுருக்காக இறுக்கினார்கள். பொட்டலம் ஆனதும் கிளையில் தொங்கிய வில்தராசில் மாட்டினார்கள். எழுபத்தைந்து பவுண்டு, அதாவது 34 கிலோ. அதே எடையில் இன்னொரு பொட்டலம். இரண்டும் ஜோடி, ஒன்று இடப்புறம், ஒன்று வலப்புறம்.

கொஞ்ச நேரத்தில் மூத்தவர் தராசைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். பொட்டலத்தை முழங்கால்வரை தூக்குவார், இறக்குவார், இளைஞரிடம் "இதில் இரண்டு பவுண்டு எடு" என்பார். நான் தராசில் மாட்டிச் சரிபார்த்தேன். சரியாகவே இருந்தது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் விலங்கின் தோல். ஒருபுறம் கனத்தால் சேணம் சாயும். சாய்ந்த சேணம் மலையேற்றத்தில் முதுகெலும்பை ஒட்டி உரசும். மாலைக்குள் புண் வந்துவிடும், அந்தப் பருவம் முழுக்க அந்த விலங்கு சுமக்காது. வழியில் பாரம் சாய்கிறது என்று தெரிந்தால் உடனே நிறுத்தி, லேசான பக்கத்தில் ஒரு கல்லைச் செருகிவிடுகிறார்கள்.

அவர்கள் பயன்படுத்துவது டெக்கர் சேணம். முதுகின்மேல் இரண்டு இரும்பு வளையங்கள் நிற்கும். அவற்றிலிருந்து இறங்கும் கயிறு பொட்டலத்தைத் தொட்டில்போல் ஏந்திக்கொள்ளும். குறுகிய பாதையில் பொட்டலம் மரத்தில் இடித்தால் கயிறோடு சற்று அசைந்து விலகும், விலங்கு தடுமாறாது. இறக்கத்தில் சுமை முன்னே சரியாமல் பின்தொடையைச் சுற்றிய வாரும், ஏற்றத்தில் பின்னே வழுக்காமல் மார்பு வாரும் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு சேணத்தின் பின்னும் மெல்லிய கயிற்று வளையம் ஒன்று உண்டு. பிக்டெயில் என்பார்கள். அடுத்த கழுதையின் கயிறு அதில்தான் கட்டப்படும். வேண்டுமென்றே வலுக்குறைந்த கயிறு. ஒரு கழுதை சரிவில் விழுந்தால் அது அறுந்துவிடும். மற்றவை அதோடு இழுபட்டுப் போகாது. இத்தனை நேரம் இறுக்கி இறுக்கிக் கட்டியவர்கள், அறுந்தே தீரவேண்டிய ஒரு முடிச்சையும் அதே கவனத்தோடு கட்டியதை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கார்டன் கணவாயைக் கடந்து, தெற்குக் கிளை ஃபிளாட்ஹெட் ஆற்றுப் பக்கம் இறங்கினோம். முகாம் ஆற்றிலிருந்து தள்ளித்தான் போடப்பட்டது, குதிரைகளின் சாணமும் குளம்பும் நீரைக் கெடுக்கக் கூடாதென்று. இரவில் விலங்குகளை மேயவிடும்போது ஒரு பெட்டைக் குதிரையின் கழுத்தில் மட்டும் மணி கட்டுகிறார்கள். கோவேறு கழுதைகள் அந்தக் குதிரையை விட்டு அகலுவதில்லை. விடியலுக்கு முன் இருட்டில் மணியோசையைத் தேடிப் போய் எல்லாவற்றையும் ஓட்டிவருவது இளைஞரின் வேலை. உறைபனியில் நனைந்த காற்சட்டையோடு திரும்பி வந்தவருக்குச் சமையற்காரப் பெண்மணி முதல் காப்பியைக் கொடுத்தார். அந்த வரிசையை முகாமில் யாரும் மீறவில்லை.

மான் வேட்டை சட்டத்தால் தடைசெய்யப்பட்ட நாட்டிலிருந்து போன எனக்கு, வேட்டை எளிதாக ஏற்கக்கூடியதாக இல்லை. ஆனால் அங்கே உரிமமும் பருவமும் கறாரானவை. இந்த மலைப் பகுதியில் மான் வேட்டைக்குச் செப்டம்பர் 15க்கு முன் துப்பாக்கிக்கு இடமில்லை. உண்ணத்தகுந்த இறைச்சியைக் காட்டில் விட்டு வருவதும் குற்றம், விற்பதும் குற்றம். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் வரி 1937 முதல் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது.

எங்களோடு வேட்டைக்கு வந்திருந்தவர் ஓய்வுபெற்ற தச்சர். குதிரைமேல் இருந்தபடி யாரும் சுடுவதில்லை. குதிரைகளை மேட்டுக்குப் பின்னால் கட்டிவிட்டு நடந்து, ஊர்ந்து, காத்திருந்தார். விழுந்தது ஒரு மியூல் மான் கிடா. கோவேறு கழுதையின் காதுபோல அகன்ற காது கொண்ட இனம். ஒரே வெடி.

அதற்குப் பிறகுதான் உண்மையான உழைப்பு. வயிற்றைத் திறந்து குடலை அகற்றிச் சூட்டைத் தணிக்க வேண்டும்; தாமதித்தால் இறைச்சி கெட்டுவிடும். தொடைகளையும் முதுகுச் சதையையும் பிரித்துத் துணிப்பைகளில் கட்டினார்கள். கிரிஸ்லி கரடிகள் உலவும் காடு. அதனால் முகாமில் பைகள் தரையிலிருந்து பத்தடி உயரத்தில், அடிமரத்திலிருந்து நான்கடி தள்ளித் தொங்கவிடப்பட்டன.

இறைச்சிச் சுமைக்கு மூத்தவர் வயதான ஒரு கழுதையைத் தேர்ந்தெடுத்தார். இரத்த வாடை இளம் விலங்குகளை மிரட்டும். பொட்டலத்தை முகரவிட்டு, கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். அதன் காது தளர்ந்த பிறகுதான் ஏற்றினார். எடை பார்ப்பதில் இங்கும் சலுகை இல்லை. ஒரு மானை ஒரு கழுதை சுமந்துவிடும். எல்க் என்ற பெரிய மானினம் என்றால் இரண்டு வேண்டும். கொம்பு கடைசியில், முனைகள் விலங்கைக் குத்தாதபடி, எல்லாவற்றுக்கும் மேல்.

இந்தத் தொழிலுக்கு மிசோலா நகரத்தைச் சுற்றி ஒரு வரலாறே இருக்கிறது. காட்டுத்தீயை அணைக்கப் போகிறவர்களுக்குச் சுமைவிலங்குகள் அனுப்பவே 1930இல் வனத்துறை நைன்மைல் நிலையத்தைத் தொடங்கியது. சாலையும் விமானமும் வந்தபின் 1953இல் அந்த வேலை நின்றது. ஸ்மோக் எல்சர் என்ற பேக்கர் மிசோலாவில் பல ஆண்டுகள் பாடம் நடத்தினார். பில் பிரவுனோடு அவர் எழுதிய பாரம் கட்டும் நூல் 1980இல் வந்தது. இன்றும் பேக்கர்கள் பலர் அதை வைத்துக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

சக்கரத்தைத் தடுத்த சட்டம் காட்டைக் காப்பாற்றியது என்று சொல்கிறோம். அது ஒரு கைத்தொழிலையும் காப்பாற்றியிருக்கிறது. கண்காட்சிக்காக அல்லாமல் சோற்றுக்காகவே இந்த முடிச்சுகளைப் போடுகிறவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள் என்றால், காரணம் அதுதான். அந்தத் தடையில் ஓட்டை போட எந்தக் காரணம் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

அந்த மலைகளில் நடக்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எதிரே கழுதைச் சரம் வந்தால் பாதையின் பள்ளப் பக்கம் இறங்கி நில்லுங்கள். மேட்டில் நின்றால் மிரளும் விலங்கு பள்ளத்தை நோக்கிப் பாயும். மறைந்து நிற்காமல் வாய்விட்டுப் பேசுங்கள். மனிதக் குரல் என்று தெரிந்தால் அவை அமைதியாகக் கடந்து போகும்.