கேட்கிற இடம்

பேஸ் கிட்டார்க்காரனின் சங்கடத்தை எல்லோரும் சப்தத்தின் சங்கடமாகவே பார்க்கிறார்கள். கேட்கவில்லையா, கூட்டு. இன்னும் கேட்கவில்லையா, பெரிய ஆம்ப்ளிஃபையராக வாங்கு. 1980களின் இறுதியிலிருந்து மெல்லிசைக் குழுக்களில் இந்த வாத்தியத்தோடு பின்வரிசையில் நின்றுவந்தவன் நான். ட்ரம்ஸ், தும்பா, இரண்டு கீபோர்டு, லீட் கிட்டார், சில ஊர்களில் ட்ரம்பெட்டும் சேர்ந்த இரைச்சலுக்குள் நான்கு கனத்த தந்திகளை எப்படிக் கேட்க வைப்பது என்கிற ஒரே கேள்வியோடு பல ராத்திரிகள் கழிந்திருக்கின்றன. சப்தத்தைக் கூட்டுவது இதற்குப் பதிலாகாது என்பது என் கட்சி. கேட்பது ஸ்தானத்தைப் பொறுத்த விஷயம். மற்றவர்கள் நிற்காத இடம் ஏதாவது ஒன்று இருக்கும். அங்கே போய் நிற்க வேண்டும்.

சப்தத்தால் சப்தத்தை ஜெயிக்கப் பார்த்ததற்கு ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951இல் ப்ரிஸிஷன் பேஸ் என்ற மின்சார வாத்தியத்தைக் கொண்டுவந்தார். ஆள் உயர மரப் பேஸை வாசித்துக்கொண்டிருந்தவர்கள் ட்ரம்ஸுக்கும் பித்தளைக் குழல்களுக்கும் நடுவே மூழ்கிக்கொண்டிருந்த காலம் அது. புது வாத்தியத்துக்கென்றே பேஸ்மேன் என்ற ஆம்ப்ளிஃபையரும் அடுத்த வருஷம் வந்தது. 1950களின் நடுவில் அதில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள் வைத்தார்கள். அதைக் கிட்டார்க்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 1962இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் முதல் ஆம்ப்ளிஃபையரைச் செய்தபோது மாதிரியாக எதிரே வைத்துக்கொண்டது இந்தப் பேஸ்மேனைத்தான். சில வருஷங்களில் அந்த வம்சம் 100 வாட்டாக வளர்ந்து, ஆளை மறைக்கும் உயரத்துக்கு அடுக்கப்பட்டது. பேஸைக் கேட்க வைக்கப் பிறந்த பெட்டியின் வாரிசே பேஸை மூழ்கடித்தது. பதிலுக்கு 1969இல் ஆம்பெக் கம்பெனி எஸ்.வி.டி. என்று ஒன்றைச் செய்தது: 300 வாட், 14 வால்வுகள், தலைப்பெட்டி மட்டும் ஏறக்குறைய 40 கிலோ, அதற்குக் கீழே எட்டு ஸ்பீக்கர்கள் கொண்ட அலமாரி. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அந்த வருஷமே அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு போயிற்று. கிட்டார்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் போட்டியின் கணக்கு குரூரமானது. வாட்டை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல். கவனித்துக் கேட்டால் தெரியும் வித்தியாசம், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்கு சப்தம் என்று தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். 100 வாட் வைத்திருப்பவன் 1000 வாட்டுக்குப் போக வேண்டும். பக்கத்து ஆள் தன் குமிழியைச் சற்றே திருகினால் அதுவும் வீண்.

காதும் நமக்கு அனுகூலமாக இல்லை. அமெரிக்காவில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். விநாடிக்கு 3000, 4000 அதிர்வுகள் உள்ள ஒலிகளைக் காது உடனே பிடித்துக்கொள்கிறது. கீழ் ஒலிகள் அதே அளவு கேட்க வேண்டுமானால் பல மடங்கு சக்தியைக் கொட்ட வேண்டும். பேஸின் அடித்தந்தியைத் திறந்து மீட்டினால் விநாடிக்கு 41 அதிர்வு. அதன் ஓர் அலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல். காலால் உதைத்து அடிக்கும் பெரிய ட்ரம் அதற்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கிறது. கீபோர்டுக்காரரின் இடது கையும் அங்கேதான். அந்த நெரிசலில் எவ்வளவு கொட்டினாலும் குழம்பில் தண்ணீர் விட்ட மாதிரிதான். அளவு கூடும், ருசி கூடாது.

ஆனால் தந்தி 41ஐ மட்டும் சொல்வதில்லை. அதோடு 82, 123, 165 என்று மேலே மேலே அனுஸ்வரங்களையும் சொல்கிறது. இவை கேட்டால் போதும், கீழே இருக்க வேண்டிய ஆதார ஒலியைக் காது தானே கட்டிக்கொள்ளும். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். 1976க்குப் பிறகு இளையராஜாவின் பாட்டுக்களில் பேஸ் தனக்கென்று ஒரு வழி வகுத்துக்கொண்டு நடந்ததை நம்மில் பலரும் முதலில் கேட்டது டீக்கடை ரேடியோவில். உள்ளங்கை அகல ஸ்பீக்கர் 41 அதிர்வைத் தர எந்த நியாயமும் இல்லை. இருந்தும் கேட்டோம். கேட்டது அனுஸ்வரங்களை, ஆதாரம் நாமே போட்டுக்கொண்டது.

நான் ஆம்ப்ளிஃபையரை வைக்கும் முறை இதிலிருந்து வந்தது. எல்லாக் குமிழிகளையும் நடுவில் நிறுத்துவேன். பேஸ் குமிழியைக் கொஞ்சம் இறக்குவேன். 40 அதிர்வுக்குக் கீழே உள்ளதை வெட்டும் வசதி இருந்தால் வெட்டிவிடுவேன். ஸ்பீக்கரின் உழைப்பைத் தின்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. 250இலிருந்து 800 வரை உள்ள நடுப்பகுதியை ஏற்றுவேன். ட்ரெபிள், விரல் தந்தியைத் தொடும் சப்தம் லேசாகத் தெரியும் அளவுக்கு. தனியாக வாசித்தால் இந்த நாதம் அசிங்கமாக இருக்கும். மூக்கடைத்தவன் பேசுவதுபோல. புதிதாக வரும் பையன்கள் நேர்மாறாகச் செய்கிறார்கள். அடியையும் நுனியையும் ஏற்றி நடுவை இறக்குகிறார்கள். அறையில் அது பட்டுப்போல இருக்கிறது. மேடையில் ட்ரம்ஸ் ஆரம்பித்த மறுகணம் காணாமல் போகிறது. அடியை உதைக்கும் ட்ரம் கொண்டுபோயிற்று, நுனியை ஜால்ரா கொண்டுபோயிற்று. நடுவை அவனே எடுத்துவிட்டான். தன் அறையில் தனக்கே வாசித்துக்காட்டி மெருகேற்றிய வரிகள் நாலு பேர் நடுவே என்ன ஆகின்றன என்பது இந்தப் பத்திரிகையில் எழுதுகிறவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

பெட்டியை வைப்பதிலும் விஷயம் இருக்கிறது. தரையில் வைத்தால் சப்தம் வாசிப்பவனின் கெண்டைக்காலைத் தாண்டிப் போய்விடும். முழங்காலுக்குக் காது கிடையாது. தனக்குக் கேட்கவில்லை என்று அவன் கூட்டுவான். பத்தடி தள்ளி நிற்கும் பாடகருக்கு இடியாக விழும். கோயில் திருவிழா மேடை பலகை அடித்தது. பெட்டியோடு பலகையும் சேர்ந்து உறுமும். அதனால் பெஞ்சு ஒன்றைக் கேட்டு வாங்கி அதன்மேல் வைப்பேன். கல்யாண மண்டபம் என்றால் மூலையை விட்டு விலக்கி வைப்பேன். மூலை அடி ஒலியை ஊதிப் பெருக்கிச் சேறாக்கிவிடும். ட்ரம்ஸ்காரரின் அருகில் நிற்பேன். அவர் காலும் என் விரலும் ஒரே கணத்தில் விழுந்தால் ரசிகர்களுக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்கும். முன்னும் பின்னுமாக விழுந்தால் இரண்டும் கேட்காது.

குமிழிகளைவிடக் கடினம் மனிதர்கள். கிட்டார்க்காரர் தன் ஆம்ப்ளிஃபையரில் பேஸை இறக்கினால் எனக்கு இடம் கிடைக்கும். அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. அவர் அடித்தந்தியே 82இல்தான் தொடங்குகிறது. ஆனால் தனியாகக் கேட்கும்போது மெலிந்துவிட்டதாகத் தோன்றும். யாருக்குத்தான் மெலியப் பிடிக்கும். கீபோர்டுத் தம்பியிடம், "அந்த இடது கையைக் கொஞ்சம் தூக்கி வாசிப்பா" என்று சொல்ல எனக்கு ஆறு மாசம் ஆயிற்று. "சரிண்ணே" என்றான். இரண்டு பாட்டுக்குத் தூக்கினான்.

அந்த இடது கை என் சோற்றில் கை வைக்கும் விஷயமாகவும் இருந்தது. 1990களில் பல குழுக்களில் பேஸ்காரனை நிறுத்திவிட்டுக் கீபோர்டிலேயே முடித்துக்கொண்டார்கள். வேனில் ஓர் இடம், ஒரு சம்பளம் மிச்சம். எங்கள் குழுவை நடத்தியவரும் ஒருநாள் கேட்டார்: "நீ வாசிக்கிறது யாருக்கய்யா கேக்குது?" கேலியாகச் சொல்லவில்லை, கணக்குப் பார்த்துத்தான் கேட்டார். என்னிடம் அதற்கு உடனடிப் பதில் இல்லை. பதில் சில மாசங்கள் கழித்து ஒரு திருவிழாவில் வந்தது. பாட்டு சரணத்தில் இருக்கும்போது என் கேபிள் உள்ளேயே அறுந்து வாத்தியம் ஊமையாகிவிட்டது. கூட்டத்தில் ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பாடகி மட்டும் பாடிக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்தார். ட்ரம்ஸ்காரரும் பார்த்தார். கச்சேரி முடிந்ததும் பாடகி அவரிடமே போய், "நின்னுக்கிட்டிருந்த பலகையை உருவின மாதிரி இருந்துச்சுண்ணே" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை. சம்பளம் கூடவும் இல்லை.

யாருக்குக் கேட்கிறது என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் அதுதான். கூட இருப்பவர்களுக்குக் கேட்கிறது. அவர்கள் அதன்மேல் நின்று பாடுவது கூட்டத்துக்குக் கேட்கிறது. இது போதுமா என்று கேட்டால், சில ராத்திரிகளில் போதும், சில ராத்திரிகளில் போதாது.

இன்று 500 வாட் ஆம்ப்ளிஃபையர் 2, 3 கிலோவில் வருகிறது. தோள்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம். சக்தி இவ்வளவு மலிந்த பிறகும் பையன்கள் கேட்கவில்லை என்றே வந்து நிற்கிறார்கள். நான் நடுவை ஏற்றுகிறேன், பெஞ்சு தேடுகிறேன். ட்ரெபிள் குமிழியை மட்டும் அவர்களையே திருகச் சொல்கிறேன். 85 டெசிபல் சப்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிஷம்தான் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் கச்சேரி மூன்று மணி நேரம். இரைச்சல் முதலில் கொண்டுபோவது 4000 அதிர்வைச் சுற்றிய பகுதியை. ஜால்ரா இருந்த பக்கத்துக் காதில் இப்போது ராத்திரியில் மெல்லிய கம்பி ஒன்று விடாமல் இழுபடுகிறது. பேரன் பேசும்போது சில எழுத்துக்கள் விழுந்துவிடுகின்றன. ஆனால் தெருக்கோடியில் லாரி திரும்புவது தரை வழியாக வந்து தெளிவாகக் கேட்கிறது. அடி ஸ்தாயி அப்படியே இருக்கிறது.