சுழற்சி குறைந்தது, பாட்டு நீண்டது

கலைக்கு எல்லையில்லை என்று பெரியோர் கூறுவர். ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இசைத்தட்டில் ஏறிய சங்கீதத்துக்கு ஓர் எல்லை இருக்கவே செய்தது. அதனை விதித்தவர் எந்த வித்துவானும் அல்லர். அரக்கினாற் செய்த தட்டேயாகும். நிமிஷத்துக்கு 78 தடவை சுழன்ற பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 3 நிமிஷப் பாட்டே அடங்கும். ஆலாபனையைச் சுருக்கி, சரணத்தை விரைந்து முடித்து, நம் வித்துவான்கள் அச்சிறு வட்டத்துள் தம் கலையை அடக்கினர். மேனாட்டிலோ பெரிய வாத்தியக் குழுவின் படைப்பொன்றைக் கேட்க நாலைந்து தட்டுகளை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். அவற்றைப் புத்தகம் போன்ற உறைகளில் தொகுத்து விற்றமையாலேயே 'ஆல்பம்' என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது.

இந்த எல்லையை அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் உடைத்தது. 1948 ஆம் ஆண்டு ஜூன் 21 ஆந் தேதி, நியூயோர்க் நகரத்து வால்டோர்ப் அஸ்டோரியா ஹோட்டலில் 'லோங் பிளே' தட்டு அறிமுகமாயிற்று. பன்னிரண்டு அங்குலத் தட்டு. ஒரு பக்கத்துக்கு 20 நிமிஷத்துக்கு மேல் இசை. சுழற்சி 33⅓ ஆகக் குறைந்ததனால் மட்டும் இது கைகூடவில்லை. மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும்: 78ஐ 33⅓ஆல் வகுத்தால் இரண்டேகால் மடங்குக்குச் சற்று மேலே கிடைக்கும். மீதி இலாபம் வரிகளை நெருக்கியதனால் வந்தது. அங்குலத்துக்கு நூறளவில் இருந்த வரிகள் இருநூறுக்கு மேலாயின. அரக்கைப்போற் கரகரக்காத வைனில் என்னும் வழவழப்பான பொருளே அவ்வளவு நுண்ணிய வரிகளைத் தாங்கிற்று.

போட்டி நிறுவனமான ஆர்.சி.ஏ. விக்டர் சும்மா இருக்குமா? 1949 இல், நடுவே பெருந்துளையுடைய ஏழங்குலத் தட்டொன்றை, 45 என்னும் மூன்றாவது வேகத்தில் வெளியிட்டது. எதனை வாங்குவதென்று அறியாது மக்கள் திகைத்தனர். ஆயினும் பிணக்கு நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1950 இல் விக்டரும் நெடுந்தட்டு வெளியிட்டது. பின்னர் கொலம்பியாவும் 45ஐ ஏற்றது. நீண்ட இசைக்கு ஒன்று, தனிப் பாட்டுக்கு மற்றொன்று என இரண்டும் வாழ்ந்தன.

எங்கள் வீட்டிலோ பிணக்கு அத்துடன் தீரவில்லை. பல வேகங்களில் ஓடும் பெட்டி வந்த பின்பும் ஐயா பழைய 78ஐ விட்டுக்கொடுக்கவில்லை. "மூன்று நிமிஷத்துக்கு ஒருக்கால் எழும்பித் தட்டைத் திருப்புகிறவன் நித்திரை கொள்ளமாட்டான்" என்பார். அம்மாவோ, "அடுப்படியில் நிற்கிற எனக்கு ஒவ்வொரு பாட்டுக்கும் ஓடிவர ஏலுமா?" என்பார். நெடுந்தட்டு ஓடியபோது அம்மா முதன்முறையாக ஓர் இசைக் கச்சேரியை இடையறாது கேட்டார். அதே தட்டு ஓடியபோதுதான் விறாந்தையில் இருந்தோர் ஊர்க்கதை பேசவுந் தொடங்கினர். இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. அம்மாவுக்குக் கிடைத்த ஓய்வையும், ஐயா அஞ்சிய அசிரத்தையையும் ஒரே தட்டு கொண்டுவந்தது.

இன்று கைத்தொலைபேசியில் எண்ணிறந்த பாடல்கள் முடிவின்றி ஒலிக்கின்றன. தட்டு விதித்த எல்லை போய்விட்டது. இனி எல்லையைக் கேட்பவரே வகுத்துக்கொள்ள வேண்டும். நாளொன்றுக்கு ஒரு தட்டின் ஒரு பக்கமளவு, இருபது நிமிஷம், குடும்பமாக அமர்ந்து வேறெதுவும் செய்யாது கேட்டுப் பாருங்கள். அடுப்படியில் நிற்பவரையும் அப்போது அழைத்துக்கொள்ளுங்கள்.