மட்டாஞ்சேரித் துறையில் படகு அணையும் விதம்

கொச்சியில் குடியேறி வாழும் நம்மவர்க்குப் படகு ஒரு வேடிக்கைப் பொருளன்று. வேலைக்கும் கடைவீதிக்கும் கோயிலுக்கும் உறவினர் இல்லத்துக்கும் நம்மைக் கொண்டு சேர்க்கும் வாகனம் அது. ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் முதலில் நாம் அவர்களை அழைத்துச் செல்வதும் படகுத் துறைக்கே. ஆயினும், படகு கரையை நெருங்கி அணைகின்ற அந்த இரண்டு நிமிஷ நேரத்தைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் சிந்திப்பதில்லை. முகப்பு ஜெட்டியைத் தொட்டுவிட்டது, பின்புறமோ விலகி நிற்கிறது, யந்திரம் மீண்டும் உறுமுகிறது, படகு குலுங்குகிறது. உடனே, “ஸ்ராங்குக்குக் கை பழகவில்லை போலும்” என்று ஒருவர் சொல்ல, மற்றொருவர் பொறுமையிழந்து கையில் குழந்தையுடன் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கிறார். ஸ்ராங்கைப் பற்றிய அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறானது; அந்தக் குதிப்போ எப்போதும் ஆபத்தானது. இவ்விரண்டையும் விளக்கவே இக்கட்டுரையை வரைகின்றோம்.

முதலில் இடத்தின் அமைப்பை மனத்தில் வாங்கிக்கொள்வோம். கொச்சிக் காயலின் நடுவே வில்லிங்டன் தீவு கிடக்கிறது. 1920ஆம் ஆண்டில் இங்கு வந்த துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, கடல் வாயிலை அடைத்துக்கொண்டிருந்த மணல் திட்டை வெட்டிக் கப்பலுக்கு வழி செய்தார். தோண்டியெடுத்த மண்ணைக் கொண்டே இத்தீவு எழுப்பப்பட்டது. தீவுக்குக் கிழக்கே ஓடுவது எர்ணாகுளம் கால்வாய். மேற்கே ஓடுவது மட்டாஞ்சேரிக் கால்வாய். அந்த மேற்குக் கால்வாயின் மேற்குக் கரையில் மட்டாஞ்சேரி அமைந்திருக்கிறது.

எர்ணாகுளத்திலிருந்து வரும் படகு, தீவின் வடமுனையைச் சுற்றிக்கொண்டு தெற்கு நோக்கித் திரும்பியதும், வலக்கைப் பக்கத்தில் பழைய பண்டகசாலைகளின் முதுகுப்புறம் வரிசையாகத் தெரிகிறது. கடைத்தெருவைப் பார்த்து முன்வாசல், நீரைப் பார்த்துப் பின்வாசல். மிளகும் சுக்கும் ஏலமும் அரிசியும் அந்தப் பின்வாசல்கள் வழியேதான் வள்ளங்களில் ஏறி இறங்கின. அப்பால், போர்த்துக்கீசியர் 1555ஆம் ஆண்டளவில் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்து, பின்னர் டச்சுக்காரர் செப்பனிட்ட அரண்மனை. அதை ஒட்டி, 1568இல் எழுந்த யூதர் ஆலயம். கொங்கணியர், குஜராத்தியர், யூதர் எனப் பல மக்கள் வந்து கலந்த இக்கரையோரம், டச்சுக்காரர் காலத்தில் வந்தனர் எனச் சொல்லப்படும் நம் வண்ணார் குடும்பங்களும் கோட்டைக் கொச்சியில் இன்றளவும் தமிழ் பேசி வாழ்கின்றன. இப்படி வந்தவர் அனைவரும் ஏதோ ஒரு படகிலிருந்துதான் இக்கரையில் கால் வைத்திருப்பர்.

இனி, படகு அணைவதைப் பார்ப்போம். இருப்புப்பாதை இலாகாவில் எழுத்து வேலை பார்க்கும் நமக்கு, வண்டி நிற்பது என்றால் பிரேக்கே நினைவுக்கு வரும். தண்டவாளம் வண்டியைப் பக்கவாட்டில் நகர விடாது. பிரேக் அதை முன்னே போக விடாது. பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் உள்ள இடைவெளி என்றும் ஒரே அளவு. படகுக்கோ தண்டவாளமும் இல்லை, பிரேக்கும் இல்லை. அதை நிறுத்துவதற்கு இருப்பது ஒரே வழி. யந்திரத்தைப் பின்னோட்டத்தில் இயக்குவதுதான். அப்படி இயக்கும்போது படகு வேகம் குறைந்து நிற்பதோடு அமைவதில்லை. அதன் பின்புறம் ஒரு பக்கமாக நடந்துவிடுகிறது. ஸ்ராங்கின் கைக்கோணல் அன்று அது, யந்திரத்தின் இயற்கை.

படகின் அடியில், சுக்கானுக்கு முன்னால், நீருக்குள் சுழலும் இலைகளைப் புரொபெல்லர் என்பர். நாம் சுழல்விசிறி என்று சொல்வோம். ஒற்றை யந்திரப் படகில் விசிறியும் ஒன்றே. படகின் பின்னால் நின்று பார்த்தால், முன்னோட்டத்தில் அது கடிகார முள்ளைப் போல வலமாகச் சுழல்வது பெருவழக்கம். இடமாகச் சுழல்பவையும் உண்டு; அவற்றுக்கு இங்கே சொல்வனவெல்லாம் பக்கம் மாறிப் பொருந்தும்.

வலச்சுழல் விசிறி பின்னோட்டத்தில் இடமாகச் சுற்றுகிறது. அப்போது மேலே வரும் இலை நீர்ப்பரப்பை நெருங்குவதால் காற்று கலந்த நீரைத் துழாவுகிறது. கீழே செல்லும் இலை ஆழ்ந்த நீரை இறுகப் பற்றுகிறது. தரையைப் பற்றி உருளும் வண்டிச் சக்கரம்போல், கீழ் இலை வலப்பக்கம் தள்ள, படகின் பின்புறம் இடப்பக்கம் நகர்கிறது. மேலும், விசிறியின் தண்டு பின்னோக்கிக் கீழே சரிந்திருப்பதால், ஒரு பக்கம் ஏறும் இலையும் மறுபக்கம் இறங்கும் இலையும் நீரைச் சமமாகத் தள்ளுவதில்லை. போதாக்குறைக்கு, விசிறி முன்னோக்கி எறியும் நீர் முறுக்கிக்கொண்டு எழுந்து படகின் வலவிலாவில் மோதி, பின்புறத்தை மேலும் இடப்பக்கம் தள்ளுகிறது. இம்மூன்றும் சேர்ந்த விளைவையே கப்பலோட்டிகள் ‘விசிறியின் நடை’ என்கின்றனர்.

முன்னோட்டத்திலும் இந்நடை உண்டு, திசைதான் வேறு. ஆனால் அப்போது விசிறி பின்னே எறியும் நீர் சுக்கானில் பாய்வதால், சுக்கானை இம்மியளவு திருப்பியே அதைச் சரிசெய்துவிடலாம். பின்னோட்டத்தில் அந்த நீர் சுக்கானை விட்டு அகன்று முன்னே போய்விடுகிறது. சுக்கான் அநேகமாகச் செயலற்று நிற்கிறது. ஆகவே, கரைக்கு மிக நெருங்கி, ஸ்ராங்குக்குச் சுக்கானின் உதவி மிகத் தேவையாக உள்ள அந்த நொடியில்தான் அது அவரைக் கைவிடுகிறது.

இதை நாமே கண்ணால் காணலாம். கட்டி நிற்கும் படகின் யந்திரத்தைச் சற்றே பின்னோட்டத்தில் இயக்கும்போது, எந்த விலாவின் ஓரமாக நுரை பொங்கி முன்னோக்கி ஓடுகிறது என்று கவனித்தால் போதும். நுரை வலப்பக்கம் பொங்கினால் பின்புறம் இடப்பக்கம் நடக்கும். நுரை இடப்பக்கமாயின் நடை வலப்பக்கம். புதிதாக ஒரு படகை ஏற்பவர் துறையை விட்டு அகலுமுன் செய்து பார்க்கத் தக்க சோதனை இது.

இந்நடையை எதிர்த்துப் போராடுவதால் பயனில்லை. முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்வதே தொழில். மட்டாஞ்சேரிக் கரையையே உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

கடல் ஏற்றத்தின்போது நீர் வடக்கேயுள்ள கடல் வாயிலிலிருந்து தெற்கு நோக்கிக் கால்வாய்க்குள் ஓடுகிறது. நீரோட்டத்தை எதிர்த்து நின்று அணைவதே படகோட்டிகளின் பொது விதி. அப்போதுதான் படகு மெல்ல நகர்ந்தாலும் சுக்கானில் நீர் பாயும். ஆகவே ஏற்ற வேளையில் படகைத் திருப்பி, வடக்கு முகமாக வருவது நலம். கரை அப்போது இடப்பக்கம். பத்து முதல் இருபது டிகிரி சாய்வாக மெதுவே முகப்பைக் கொண்டுவந்து, ஜெட்டிக்கு அருகில் ஒரு சிறு பின்னோட்டம் கொடுத்தால், படகு நிற்பதும் பின்புறம் இடப்பக்கம் நடந்து ஜெட்டியோடு சேர்வதும் ஒருங்கே நிகழ்கின்றன. கரையில் நின்று பார்ப்பவர், “ஆஹா, என்ன லாவகம்!” என்பர்.

கடல் வற்றத்தின்போது நீர் வடக்கு நோக்கி ஓடுகிறது. இப்போது தெற்கு முகமாக வருவதே முறை. கரை வலப்பக்கம் அமைகிறது. பின்னோட்டம் கொடுத்தவுடன் படகின் பின்புறம் ஜெட்டியை விட்டு வெளியே நடக்கிறது. பிற்பகலில் கடலிலிருந்து வீசும் மேல்காற்றும், மழைக்காலக் காற்றும், மேற்குக் கரையான இதிலிருந்து படகை வெளியே தள்ளவே துணை செய்கின்றன. எனவே தேர்ந்த ஸ்ராங்கு சாய்வைக் குறைத்து, வேகத்தையும் வெகுவாகக் குறைத்து வருகிறார். கடைசியில் சுக்கானைக் கரைக்கு எதிர்ப்புறம் திருப்பி, ஒரு கணம் முன்னோட்டம் கொடுத்துப் பின்புறத்தைக் கரைப்பக்கம் உதைத்துவிட்டு, பிறகே சிறிது பின்னோட்டம் கொடுக்கிறார். உதைப்பும் நடையும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, படகு நேராக நிற்கிறது. இம்முறை “ஆஹா” என்பார் இல்லை. உண்மையில் முன்னதைவிட இதுவே அரிய வேலை.

அதுவும் போதாதபோது வடம் கைகொடுக்கிறது. லஸ்கர் முகப்பிலிருந்து ஒரு வடத்தை எறிந்து, படகின் நடுப்பாகத்துக்கு நேராகவுள்ள ஜெட்டித் தூணில் மாட்டுகிறார். ஸ்ராங்கு சுக்கானைக் கரைக்கு எதிர்ப்புறம் திருப்பி மெல்ல முன்னோட்டம் கொடுக்கிறார். வடம் படகை முன்னே போகவிடாது பிடித்துக்கொள்ள, பின்புறம் கதவு மூடுவதுபோலக் கரையை நோக்கிச் சேர்ந்துகொள்கிறது. படகு ‘வந்து சேர்ந்த’ பிறகும் யந்திரம் உறுமுவதன் காரணம் இதுவே. பழைய படகுகளில் சுக்கான் பிடிப்பவர் ஓரிடம், யந்திரம் பார்ப்பவர் வேறிடம். இருவருக்குமிடையே ஒரு கயிறும் மணியுமே பாஷை. மணியோசைக்கும் விசிறி திரும்புவதற்கும் இடையே செல்லும் நேரத்தையும் ஸ்ராங்கு கணக்கிட வேண்டியிருந்தது என்பதை எண்ணினால், அவர்களது சாமர்த்தியம் விளங்கும்.

காலம் மாறி வருகிறது. 2017 ஜனவரியில் வைக்கம்–தவணக்கடவு வழியில் ஓடத் தொடங்கிய ‘ஆதித்யா’ என்னும் சூரிய சக்திப் படகு இரட்டை உடலும் இரட்டை மோட்டாரும் கொண்டது. 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவின் மின்படகுகளும் இரட்டை உடல் கொண்டவையே. 2025 அக்டோபரில் அதன் மட்டாஞ்சேரி நிலையமும் திறக்கப்பட்டது. இரு விசிறிகள் எதிரெதிராகச் சுழன்றால் ஒன்றின் நடையை மற்றொன்று அழித்துவிடும். ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னும் இயக்கிப் படகை நின்ற இடத்திலேயே திருப்பவும் கூடும். அந்நிலையங்களின் மிதக்கும் மேடைகள் நீரோடு ஏறி இறங்குவதால் படியின் உயரமும் மாறுவதில்லை. முதியோர்க்கும் குழந்தைகளுக்கும் இது பெரிய வசதி. எனினும் ஒற்றை யந்திரப் படகுகள் காயலிலிருந்து மறைந்துவிடவில்லை. அவற்றில் செல்லும் நாள்கள் நமக்கு இன்னும் உண்டு.

ஆகையால் நம் குடும்பத்தார்க்குச் சில வார்த்தைகள். முகப்பு தொட்டவுடன் படகு அணைந்துவிட்டது என்று கொள்ளற்க. பின்புறத்து இடைவெளி விரியலாம். விரிந்தது சட்டென்று மூடவும் செய்யலாம். டன் கணக்கான எடை கொண்ட படகுக்கும் ஜெட்டித் தூணுக்கும் நடுவே ஒரு கால் அகப்பட்டால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முன்னும் பின்னும் வடங்கள் கட்டப்பட்டு, லஸ்கர் கை காட்டும்வரை அமர்ந்திருங்கள். குழந்தையின் கையை வெளியே நீட்டவிடாதீர்கள். விலாவில் தொங்கும் பழைய டயர் நசுங்குவதைப் பார்த்தால் காரணம் தெரியும். அனைவரும் ஒரே பக்கம் எழுந்து நெருக்காதீர்கள். 2009 செப்டம்பர் 30ஆம் நாள் தேக்கடி ஏரியில் 45 உயிர்களைப் பலிகொண்ட படகு விபத்தில், பிரயாணிகள் ஒரு பக்கமாகக் கூடியதும் காரணங்களுள் ஒன்றாகப் பேசப்பட்டது. ஒரு நிமிஷம் காத்திருப்பதால் எந்த அலுவலகமும் மூடப்போவதில்லை.

பிள்ளைகள் உடன் வந்தால், அணையும் வேளையில் நுரை எந்தப் பக்கம் பொங்குகிறது என்று கேளுங்கள். பின்புறம் எப்பக்கம் நடக்கும் என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். ஏட்டில் படிக்கும் விசையும் எதிர்விசையும் அவர்கள் கண்முன்னே நடக்கும். அவர்கள் விடை கூறி முடிப்பதற்குள் வடம் கட்டப்பட்டிருக்கும். இறங்கும் நேரமும் வந்திருக்கும். இறங்கும்போது, வற்ற வேளையில் வலப்பக்கக் கரையில் படகைப் பதமாகச் சேர்த்த அந்த ஸ்ராங்குச் சேட்டனை நோக்கி ஒரு புன்னகை செய்துவிட்டு வாருங்கள்.