நாலு முடிச்சு தூரத்துல ட்ரவுட்!

ஊட்டிக்குப் போனா என்ன பண்ணுவீங்க? பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், ஒரு பாக்கெட் வர்க்கி, கையில ஹோம்மேட் சாக்லேட்... அப்படியே பஸ் ஏறிடுவீங்க, கரெக்டா? அடுத்த தடவை ஒரே ஒரு நாளை மிச்சம் பிடிச்சு எமரால்டு, அவலாஞ்சி பக்கம் போய்ப் பாருங்க. சுமார் 25 கிலோமீட்டர்தான். பேரைக் கேட்டுட்டு பனிச்சரிவைத் தேடாதீங்க பாஸ். 1800-களின் தொடக்கத்துல நடந்த பெரிய நிலச்சரிவாலதான் அந்தப் பேர் வந்ததா சொல்றாங்க.

இந்த ஊரோட விஐபி, ட்ரவுட் மீன். வெள்ளைக்காரங்களுக்கு மலை, குளிர் எல்லாம் கிடைச்சும், ஓடையில ட்ரவுட் இல்லையேன்னு ஏக்கம்! 1863-ல ஃபிரான்சிஸ் டே செஞ்ச முயற்சி தோத்துப் போச்சு. அப்புறம் 1907-ல ஹெச்.சி.வில்சன் அவலாஞ்சியில பொரிப்பகம் ஆரம்பிச்சார். இங்கே நிலைச்சு நின்னது ரெயின்போ ட்ரவுட். வட அமெரிக்காவின் பசிபிக் கரைப் பக்கம்தான் இதுக்குச் சொந்த ஊர். தண்ணி ஜில்லுன்னு, ஆக்சிஜன் நிறைய இருந்தாதான் வாழும். (வெளியூர்ல இருந்து வந்த மாமிசப் பட்சிணியை நம்ம ஓடையில விட்டது சரியான்னு கேட்டா, எனக்கு அதுல முழுச் சம்மதம் இல்லை.)

இந்த மீனுக்குப் பேர்போன வேட்டை, ஃப்ளை ஃபிஷிங். மண்புழுவும் கிடையாது, தக்கையும் கிடையாது. இறகையும் நூலையும் தூண்டில் முள்ளுல சுத்தி, பூச்சி மாதிரியே ஒரு டுபாக்கூர் பூச்சி! அதுக்கு எடையே இல்லை. அப்புறம் எப்படி தூரமாப் போய் விழும்? இங்கே பறக்கிறது கயிறு. பிளாஸ்டிக் பூசின கனமான லைன் சாட்டை மாதிரி சுழன்று போகும், பூச்சி சும்மா அது பின்னாடியே போகும்.

ஆனா, கனமான லைன் தொப்புன்னு தண்ணியில விழுந்தா மீன் எஸ்கேப். அதனால முனைக்குப் போகப் போக மெலிசாகணும். ரீல்ல பேக்கிங் நூல், அதுல லைன், லைன்ல லீடர், லீடர்ல டிப்பெட், டிப்பெட்ல பூச்சி. எண்ணிப் பாருங்க, நாலு இணைப்பு. ஒண்ணு விட்டாலும் கதை முடிஞ்சுது.

எமரால்டு டீக்கடை பெஞ்சுல ஒரு பெரியவர் இதை எனக்குக் கட்டிக் காட்டினார். கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டார். “கண்ணு எதுக்கு தம்பி? விரலுக்குத் தெரியும்”னார். பேக்கிங்கை லைனோட சேர்க்க ஆல்பிரைட். லைனையும் லீடரையும் சேர்க்க ஆணி முடிச்சு. பேருக்குத்தான் ஆணி, அவர் கையில இருந்தது மை தீர்ந்த ரீஃபில்! அதைச் சேர்த்துப் பிடிச்சு நரம்பைச் சுத்தி, முனையை ரீஃபில் ஓட்டை வழியா விட்டு உருவினா முடிஞ்சுது.

அசந்தது பிளட் நாட்டுக்குத்தான். லீடரையும் டிப்பெட்டையும் எதிரெதிரா ஒண்ணு மேல ஒண்ணு வைக்கணும். இந்தப் பக்கம் அஞ்சு சுத்து, அந்தப் பக்கம் அஞ்சு சுத்து. ரெண்டு முனையையும் நடு இடைவெளியில எதிரெதிர் திசையில நுழைக்கணும். இழுக்கும்போது சுத்துகள் நெருங்கி, குட்டி உருளையா உட்காரும். மெக்கானிக்ஸ் பேப்பர்ல பெல்ட் ஃப்ரிக்‌ஷன் படிச்சிருப்பீங்களே... சுத்து கூடக்கூட பிடிமானம் மடமடன்னு ஏறும். அதேதான் இங்கேயும்! நரம்புகளோட பருமன்ல ரொம்ப வித்தியாசம் இருந்தா பிளட் நாட் சரிப்படாது. ரெண்டையும் சேர்த்து வளையம் போட்டு ரெண்டு முறை நுழைக்கிற சர்ஜன் முடிச்சு போதும்.

இறுக்கறதுக்கு முன்னாடி முடிச்சை வாயில வெச்சு எச்சில் பண்றார் மனுஷன்! உவ்வேன்னு சொல்லாதீங்க. காய்ஞ்ச நைலானை வேகமா இழுத்தா உரசல் சூட்டுலயே பலம் போயிடும்.

பூச்சியைக் கட்டற கடைசி முடிச்சு, கிளிஞ்ச். டிப்பெட் 5 எக்ஸ்னா 0.006 அங்குலம்தான் பருமன். “ஏன் இவ்ளோ மெலிசு தாத்தா, அறுந்துடாதா?”ன்னேன். “அறுந்தா இங்கதான் அறுகணும். நடுவுல அறுந்தா மீனு அவ்ளோ நரம்பையும் இழுத்துட்டுப் போய்ப் பாறையில மாட்டிச் சாகும். நீர்நாய் காலையும் சுத்தும்” என்றார். வீட்டு ஃப்யூஸ் கம்பி ஞாபகம் வந்துச்சு. எது முதல்ல போகணும்னு முன்கூட்டியே முடிவு பண்றதும் டிசைன்தானே! வெட்டின துணுக்கு ஒண்ணைக்கூட அவர் கீழே போடலை. எல்லாம் ஒரு காலி தீப்பெட்டிக்குள்ள போச்சு.

உடனே தூண்டிலோட கிளம்பிடாதீங்க. மீன்வளத்துறைகிட்ட அனுமதி கேளுங்க, காட்டுப் பகுதின்னா வனத்துறைகிட்டேயும். 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல மழை கொட்டியிருக்கு, அதனால மழைக்காலத்துல ஓடைப் பக்கமே வேண்டாம். அதுவரைக்கும் ஹாஸ்டல்ல ரெண்டு கலர் ஷூ லேஸ் எடுத்து பிளட் நாட் போட்டுப் பழகுங்க. லேஸுக்கு எச்சில் தேவையில்லை!