காலும் அரைக்காலும்

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கணக்கு எதற்கு என்று கேட்டுக்கொண்டே ஐம்பது வயதைத் தாண்டிவிட்டேன். பால் கணக்கும் மளிகைக் கணக்கும் என் மனைவியின் பொறுப்பு. பதிப்பாளர் அனுப்பும் ராயல்டிக் கணக்கை நான் ஒரு முறைகூடக் கூட்டிப் பார்த்ததில்லை. அவர் நல்லவர் என்று நம்பிவிடுகிறேன். என் மகள் ஐந்தாம் வகுப்புக்குப் போய்ப் பின்னக் கணக்குப் போட ஆரம்பிக்கும் வரையில் இந்த ஏற்பாடு சௌகரியமாகவே நடந்து வந்தது.

மாலை வேளைகளில் அவளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் வேலையை நானாகத்தான் ஏற்றுக்கொண்டேன். நான் பட்ட பாட்டை அவள் படக்கூடாது என்ற நல்லெண்ணந்தான். என் அப்பா எனக்குக் கணக்குச் சொல்லித்தரும்போது பக்கத்தில் ஒரு மர ஸ்கேல் இருக்கும். என் பக்கத்தில் ஸ்கேல் இல்லை. அந்த ஒரு காரணத்தாலேயே நான் நல்ல வாத்தியார் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் 1/4-ஐயும் 1/8-ஐயும் கூட்ட வேண்டியிருந்தது. அவள் மேலே இருந்ததை மேலேயும், கீழே இருந்ததைக் கீழேயும் கூட்டி 2/12 என்று எழுதினாள்.

"தப்பு" என்றேன்.

"ஏம்ப்பா தப்பு?"

நியாயமான கேள்வி. பகுதிகளை ஒன்றாக்க வேண்டும் என்ற விதி எனக்கு ஞாபகம் இருந்தது. ஏன் என்பது பள்ளிக்கூட நாளிலேயே தெரியாது. பதில் தெரியாத மனிதன் என்ன செய்வான்? குரலை உயர்த்தினேன். அவள் எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். தாள் கிழிந்தது.

"விடுங்கப்பா, நமக்குக் கணக்கு வராது" என்றாள்.

'எனக்கு' என்று சொல்லவில்லை, 'நமக்கு' என்றாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் நான் சிரித்துக்கொண்டே சொல்லி வந்த வாக்கியம் அது. என் மூக்கைப்போல இதுவும் அவளுக்கு வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்துத் தலையணை உறைக்குள் ஒரு பரீட்சைத் தாள் அகப்பட்டது. 50-க்கு 17. "ஏம்மா காட்டலே?" என்றேன். "நீங்க பயந்துடுவீங்கன்னுதான்" என்றாள். நான் கோபித்துக்கொள்வேன் என்று அவள் நினைக்கவில்லை பாருங்கள்.

2015-இல் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் சிலர், ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் 438 பேரைக் கவனித்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கணக்கென்றால் பயப்படும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்துக்கு உதவிய வீடுகளில், பிள்ளைகள் அந்த ஆண்டில் குறைவாகவே கணக்குக் கற்றிருந்தார்கள், பயமும் கூடியிருந்தது. அதே பயம் உள்ள பெற்றோர் அதிகம் உதவப் போகாத வீடுகளில் இந்தக் கெடுதல் தென்படவில்லை. இதைப் படித்தபோது, என் மேல் யாரோ பிராது கொடுத்துவிட்டதுபோல் இருந்தது.

மறுநாள் மாலை நான் சொல்லித்தரப் போகவில்லை. கூடத்தில் பத்திரிகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சமையலறையில் அரிசி களைய இருந்த என் அம்மாவிடம் போய் நின்றாள் மகள்.

"என்னடி கணக்கு? காலும் அரைக்காலுமா? உழக்கும் ஆழாக்கும்னு சொல்லேன்!"

அம்மா 1945-இல் பிறந்தவள். 1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அதுவரையில் பதினாறு அணா ஒரு ரூபாய். கால் ரூபாய்க்கும் அரைக்கால் ரூபாய்க்கும் சாமான் வாங்கி, மீதி அணாவை எண்ணி வாங்கி வந்த பெண்ணுக்குப் பின்னம் ஒரு பாடமாகவே தோன்றியிருக்காது.

பரணிலிருந்து பழைய பித்தளை அளவைகள் இறங்கின. உழக்கு நிறைய அரிசியை எடுத்து ஆழாக்கால் அளந்தாள் மகள். இரண்டு ஆழாக்கு. இன்னோர் ஆழாக்கும் சேர்ந்து மூன்று. "படிக்கு எத்தனை ஆழாக்கு? அதையும் அளந்து பாரேன்" என்றாள் அம்மா. எட்டு.

"மூணு பை எட்டு!" என்று கத்தினாள் குழந்தை.

கூடத்தில் என் கையிலிருந்த பத்திரிகை தாழ்ந்தது. உழக்கையும் ஆழாக்கையும் அப்படியே சேர்த்து எண்ண முடியாது. இரண்டையும் ஆழாக்காக்கிய பிறகுதான் எண்ணலாம். பகுதிகளை ஒன்றாக்குவது என்றால் இவ்வளவுதானா? நாற்பது வருஷம் கழித்து என் சமையலறையிலிருந்து எனக்குப் பதில் வந்தது.

இப்போது மாலையில் அவள் வாத்தியார், நான் மாணவன். அவள் தப்பாகப் போடும்போது என் முகம் மாறத் தொடங்கும். உடனே தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுகிறேன். பயம் முக்காலே மூணு வீசம் போய்விட்டது என்று சொல்லலாம். மீதி ஒரு வீசம் இன்னும் இருக்கிறது.

போன வாரம் பரீட்சைத் தாளை அவளே கொண்டு வந்து நீட்டினாள். 50-க்கு 31. கையெழுத்துப் போட்டேன். தாளை வாங்கிக்கொண்டு போகாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்த நாலாவது கணக்கு எப்படித் தப்பாச்சு தெரியுமாப்பா? சொல்றேன், கேளுங்க" என்றாள்.